பேய்க் கப்பலின் முதலாளி

என் பேத்தியோடு உட்கார்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் வந்து சேர்ந்தார் நண்பர் ஒருவர். தொலைக்காட்சித் திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன ஸார், நாவல் எழுதுகிறவர் நாய்க் கதை பார்க்கிறீர்களே!" என்றார். அப்போது அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை இப்போது சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆரம்பமான 'ஸ்கூபி-டூ' தொடரின் பழைய கதை அது. நான்கு இளைஞர்கள், கூடவே ஒரு பயந்தாங்கொள்ளி நாய். கடலிலே மூடுபனி. அதைக் கிழித்துக்கொண்டு ஒரு பேய்க் கப்பல் வருகிறது. செந்தாடிக் கொள்ளைக்காரன் ஒருவனுடைய ஆவி சரக்குக் கப்பல்களைச் சூறையாடுகிறது. பிள்ளைகள் துப்புத் துலக்கப் புறப்படுகிறார்கள். விழுந்து, எழுந்து, ஓடி, ஒளிந்து, கடைசியில் ஆவியைப் பிடித்து வேஷத்தைக் கலைத்தால், உள்ளே இருப்பவர் யார்? அந்தக் கப்பல்களுக்குச் சொந்தக்காரரான முதலாளியேதான்! தம் சரக்கைத் தாமே கொள்ளையடித்துக்கொண்டிருந்தார் மனுஷர்.

இது குழந்தை விளையாட்டு என்று நண்பர் சொல்லலாம். பெரியவர்களுக்கென்று எழுதப்படும் தடித்த நாவல்கள் பலவற்றுக்கு இந்தத் தைரியம் கிடையாது என்பது என் கட்சி. 'பேய் உண்டா, இல்லையா?' என்ற தர்க்கத்தில் அந்தப் பிள்ளைகள் இறங்கவே இல்லை. அவர்கள் கேட்பது வேறு கேள்வி: யாரும் கிட்டே வரக் கூடாது என்று இந்தப் பேய் எதற்காக நிற்கிறது? வந்துவிட்டால் யாருக்கு நஷ்டம்? பேய் என்பது ஒரு வேலி. வேலி இருந்தால், அதைப் போட்டவன் ஒருவன் இருந்துதானே ஆக வேண்டும்?

இந்த யுக்தி தொலைக்காட்சி கண்டுபிடித்ததன்று. மீட் ஃபாக்னர் என்ற ஆங்கில ஆசிரியர் 1898-இல் வெளியிட்ட 'மூன்ஃப்ளீட்' நாவலில், கடலோரக் கிராமத்துத் தேவாலயத்தின் அடியிலிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வருகிறது. கருந்தாடிப் பிரபுவின் ஆவி உலாவுகிறது என்று ஊரார் நடுங்குகிறார்கள். ஜான் என்ற பதினைந்து வயதுப் பையன் கல்லறைக்குள் இறங்கிப் பார்க்கிறான். உள்ளே கள்ளக் கடத்தல்காரர்களின் சாராயப் பீப்பாய்கள்! ஊரார் பயந்திருக்கும் வரைக்கும் அந்தச் சரக்குக்குக் காவலாளே வேண்டியதில்லை.

"எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிட்டால் கற்பனைக்கு என்ன இருக்கிறது? மர்மம் செத்துவிடாதா?" என்று கேட்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். பேய்க் கதைக்கு நான் விரோதியல்லன். 'ஹாம்லெட்' நாடகம் ஓர் ஆவியோடுதான் தொடங்குகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? ஆனால் துப்பறியும் கதை என்பது ஆசிரியனும் வாசகனும் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். 'தடயங்களைத் தருகிறேன், நீயும் யோசி' என்று அழைத்து, கால் தடத்தையும் கயிற்றையும் மெழுகுவத்தியையும் வரிசையாகக் காட்டிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் 'அது நிஜப் பேயேதான்' என்று கையை விரிப்பது கற்பனையாகாது. தோற்கப்போகிறவன் சதுரங்கப் பலகையைக் கவிழ்ப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

1998-இல் அதே ஸ்கூபி-டூ கூட்டத்தாரைக் கொண்டே அந்தக் காரியத்தைச் செய்தார்கள். மூன்ஸ்கார் என்ற கடற்கொள்ளைக்காரனின் ஆவி உலவும் தீவு ஒன்றுக்குப் பிள்ளைகள் போகிறார்கள். இம்முறை பிசாசுகள் நிஜம்! அதையே விளம்பரமும் ஆக்கினார்கள். அந்தப் படத்துக்கு ரசிகர்கள் ஏராளம். சித்திரமும் நன்றாகத்தான் இருந்தது. முப்பது வருஷம் முகமூடி கழற்றிக் கழற்றி அலுத்துவிட்டதாம். அலுத்தது உண்மையாகவே இருக்கட்டும். அலுத்தால் முகமூடிக்குப் பின்னே புது முகத்தை வைக்க வேண்டும். உலகத்தில் மோசக்காரர்களுக்கா பஞ்சம்?

வெறும் கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். 1964-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக் கட்டுரையில் வின்சென்ட் காடிஸ் என்பவர் 'பெர்முடா முக்கோணம்' என்ற பெயரைச் சூட்டினார். 1974-இல் சார்லஸ் பெர்லிட்ஸ் அதைப் பற்றி எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. கப்பல்களை விழுங்கும் மாயக் கடல் என்று படித்த பெரியவர்களே நம்பினார்கள். மறு வருஷமே லாரன்ஸ் குஷே என்ற நூலகர் பதில் புத்தகம் வெளியிட்டார். அவர் செய்ததெல்லாம், பழைய செய்தித்தாள்களையும் வானிலைக் குறிப்புகளையும் எடுத்துப் புரட்டியதுதான். அமைதியான கடலில் மறைந்ததாகச் சொல்லப்பட்ட சில கப்பல்கள் புயலில் சிக்கியவை. சில, அந்த முக்கோணத்துக்கு வெகு தொலைவில் மூழ்கியவை. வேறு சில சம்பவங்கள் நடந்ததற்கே தடயம் கிடைக்கவில்லை. அப்படியும் இன்றுவரை மாயக் கடலுக்குத்தான் மவுசு. நூலகர் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்?

அந்தக் கார்ட்டூன்காரர்களுக்கு ஒரு நல்ல வார்த்தையும் சொல்லிவிட வேண்டும். 2006-இல் பிள்ளைகளை அதே பெர்முடா முக்கோணத்துக்குக் கப்பலேற்றி, பேய்க் கொள்ளைக்காரர்களோடு மோதவிட்டார்கள். அங்கே கொள்ளைத் தலைவனின் வேஷத்துக்குள்ளிருந்து ஒரு கோடீசுவரனை வெளியே இழுத்தார்கள். புத்தி திரும்பியதே, சந்தோஷம்!

வதந்தியைக் கேட்டால் முதலில் நடுங்குவதா, 'இதனால் யாருக்கு லாபம்?' என்று கேட்பதா? பத்து வயதில் எது பழக்கமாகிறதோ அதுதான் ஐம்பது வயதிலும் நிற்கும். சிறுவர்களுக்குக் கதை எழுதும் நண்பர்களே, தாராளமாகப் பயமுறுத்துங்கள். பனியும் இருட்டும் எலும்புக்கூடும் எவ்வளவு வேண்டுமானாலும் சேருங்கள். ஆனால் துப்பறியக் கூப்பிட்டுவிட்டால், கடைசிப் பக்கத்தில் முதலாளியை மட்டும் தப்பவிடாதீர்கள்.

நாய்க் கதை என்று சிரித்த நண்பர் அடுத்த முறை வரும்போது காபியோடு ஒரு நாற்காலியும் போடுவதாக இருக்கிறேன். அவரையும் கடைசி வரை உட்காரச் சொல்லிப் பேத்தியிடம் ஒப்படைத்துவிட்டால் போயிற்று. செந்தாடிக்காரன் முதல் தடவை கத்தியை ஓங்கும்போதே, "பயப்படாதீங்க தாத்தா, உள்ளே ஆள் இருக்கு" என்று அவள் சொல்லிவிடுவாள்.