நடப்போம், நினைவைக் காப்போம்



பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காகத் திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமத்திலிருந்து மும்பைக்கோ, பெங்களூருக்கோ, தில்லிக்கோ வந்து சேர்ந்த ஒரு தாயாரை எண்ணிப் பாருங்கள். ஊரில் இருந்தவரை அதிகாலையில் எழுந்து, தண்ணீர் சுமந்து, ஆட்டுக்குத் தழை ஒடித்து, ஆராதனைக்கு நடந்தே போய் வந்தவர் அவர். இங்கோ நான்காம் மாடியில் இரண்டு அறை வீடு. தெருவின் பாஷை தெரியாது; சாலையைக் கடக்கப் பயம். ஞாயிறன்று மகனுடைய வண்டியில் சபைக்குப் போவதைத் தவிர வெளியே கால் வைப்பதில்லை.

சில ஆண்டுகள் கழிகின்றன. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிறது. சொன்னதையே மறுபடியும் சொல்லுகிறார். மனப்பாடமாய் இருந்த சங்கீதம் பாதியில் நின்றுவிடுகிறது. "அம்மாவுக்கு வயதாகிவிட்டது" என்கிறான் மகன். "என் ஜெபம் குறைந்துவிட்டது" என்று அந்தத் தாயார் தம்மைத்தாமே குற்றப்படுத்திக்கொள்ளுகிறார். பிரியமானவர்களே, இரண்டுமே அவசரமான தீர்ப்புகள். அவருடைய கால்கள் ஓய்ந்துபோனதை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை.

நம் மூளை சரீர எடையில் ஏறக்குறைய 2 சதவீதமே. ஆயினும் நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் சுமார் 20 சதவீதத்தை அதுவே செலவிடுகிறது. இரத்த ஓட்டம் குன்றினால் முதலில் தவிக்கும் உறுப்புகளில் அதுவும் ஒன்று. புதிய நினைவுகளைப் பதித்து வைக்கும் பகுதிக்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். கடற்குதிரையின் வடிவில், மூளையின் இருபுறமும் ஒவ்வொன்றாக அமைந்திருக்கிறது. முதிர்வயதில் இப்பகுதி ஆண்டுக்கு 1 முதல் 2 சதவீதம் வரை சுருங்குவதாக மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

2011-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். 120 முதியோரை இரு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் வாரம் மூன்று நாள் நடந்தார்கள். முதலில் 10 நிமிடம். பின்பு படிப்படியாக 40 நிமிடம். மற்றக் குழுவினர் கைகால்களை நீட்டி மடக்கும் எளிய பயிற்சிகளை மட்டும் செய்தார்கள். ஓராண்டு முடிவில், நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது; மற்றவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. நடக்கும்போது மூளைக்கு இரத்தம் நன்கு பாய்கிறது. நரம்பணுக்களைப் பேணும் ஒருவகைப் புரதம் சுரக்கிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வருகின்றன. நித்திரையும் மனமகிழ்ச்சியும் சீராகின்றன.

ஆனாலும் உண்மையை முழுவதுமாகச் சொல்லுவது நம் கடமை. அந்த ஆராய்ச்சியின் ஞாபகச் சோதனையில் இரு குழுவினருமே முன்னேறினார்கள். 2022-இல் வெளியான, 585 முதியோரைக்கொண்ட மற்றொரு ஆராய்ச்சியில், பதினெட்டு மாதங்கள் ஆகியும் உடற்பயிற்சி தனித்து ஞாபகத்தை உயர்த்தவில்லை. ஆகவே "நடந்தால் மறதி வராது" என்று ஒருவரும் வாக்குக்கொடுக்க முடியாது. ஆனால் பின்லாந்து தேசத்தில் 1,260 முதியோரில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு உடற்பயிற்சி, நல்ல ஆகாரம், மூளைக்கு வேலை, இரத்த அழுத்தக் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து இரண்டு ஆண்டுகள் கொடுத்தபோது, அவர்களுடைய சிந்திக்கும் திறன் மற்றவர்களைவிட அதிகமாய் முன்னேறியது. இது 2015-இல் வெளியானது. 2024-இல் மருத்துவ வல்லுநர்களின் சர்வதேசக் குழு ஒன்று, முதுமை மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று மதிப்பிட்டு, அதற்கு 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உடலுழைப்பின்மை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். நான்காம் மாடியில் இருக்கும் அந்தத் தாயாருக்கு இவற்றில் எத்தனை பொருந்துகின்றன என்று எண்ணிப் பாருங்கள்!

"சரீர முயற்சியால் பலன் கொஞ்சமே என்று பவுல் எழுதவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். தேவபக்தியோடு ஒப்பிட்டே தீமோத்தேயுவுக்கு அவர் அப்படி எழுதினார். பலனே இல்லை என்று எழுதவில்லை. அவர் தாமே பட்டணம் பட்டணமாய் நடந்து ஊழியம் செய்தவர். பரிசுத்த ஆவியானவர் தங்கும் ஆலயமாகிய சரீரத்தைப் பேணுவது அவிசுவாசம் அல்ல.

இனி நாம் செய்யத்தக்கவை:

1. முதல் வாரம் பத்து நிமிடம் நடந்தால் போதும். வாரந்தோறும் சிறிது கூட்டி, வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடங்களை எட்டப் பாருங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட மூச்சுப் போதக் கூடாது. அதுவே சரியான வேகம்.

2. வெளியே போக முடியாதவர்கள் மொட்டைமாடியிலோ வராந்தாவிலோ நடக்கலாம். உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துமுறை செய்யலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் சில விநாடி நிற்பது, விழாமல் இருக்க உதவும்.

3. வழுக்கும் ரப்பர் செருப்பு வேண்டாம். தில்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தில் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

4. தனியே நடக்க வேண்டாம். எம்மாவுக்குப் போன சீஷர் இருவரும் ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தூரம் பேசிக்கொண்டே நடந்தார்கள். அடுத்த கட்டிடத்துச் சகோதரியைத் துணைக்கு அழையுங்கள். சபைகளில் முதியோரை இருவர் இருவராக இணைத்துவிடுவது நல்லதொரு ஊழியம்.

5. இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்குங்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி தேடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் நடக்க வேண்டாம். உபவாசம் எடுக்குமுன் மருந்தைக் குறித்து மருத்துவரோடு பேசுங்கள்.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எவருக்கும் உண்டு. ஆனால் பழகிய பாதையில் வழி தவறுவது, பணத்தை எண்ணத் தடுமாறுவது, அடுப்பை அடிக்கடி மறப்பது ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் பரிசோதியுங்கள். பி-12 வைட்டமின் குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. திடீரென்று குழப்பம் உண்டானால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எசேக்கியா ராஜாவின் சுகத்துக்காகக் கர்த்தருடைய வார்த்தையைக் கொண்டுவந்த ஏசாயாவே, அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் வைக்கவும் சொன்னாரே! ஜெபமும் மருந்தும் பகையல்ல.

முதுமையின் பலவீனத்தை வேதம் மறைக்கவில்லை. எண்பது வயதான பர்சிலா, உணவின் ருசியும் பாடகரின் ஓசையும் தமக்கு எட்டவில்லை என்று தாவீதிடம் வெட்கமின்றிச் சொன்னார். காலேபோ எண்பத்தைந்தாம் வயதிலும் மலைநாட்டைக் கேட்டார். நம் பெற்றோர் எல்லாரும் காலேபைப்போல் இருக்கமாட்டார்கள். பர்சிலாவைப்போல் தளர்ந்திருப்பவர்களையும் தாவீதைப்போல் கனம்பண்ணுவது பிள்ளைகளின் கடமை.

வேலை முடிந்து வீடு திரும்பும் மகனே, மருமகளே, இன்று மாலை கைப்பேசியை வைத்துவிட்டு, "அம்மா, வாருங்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம்" என்று கூப்பிடுங்கள். ஊர்க்கதையை அவர் சொல்லட்டும். ஏற்கெனவே கேட்டதாயிருந்தாலும் கேளுங்கள். முதிர்வயதிலும் நம்மைச் சுமக்கும் தேவன் உங்கள் வீட்டுப் பெரியோரைப் பெலப்படுத்திக் காப்பாராக. ஆமென்.