உஷாரா இருக்கச் சொன்னது போதும், நஷ்டம் யாருக்குன்னு எழுதுங்க

எனக்குக் கெட்ட கோபம் வரவழைக்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "வாடிக்கையாளர்கள் விழிப்புடன் இருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்." வங்கி எஸ்.எம்.எஸ்.ஸில் இதுதான். போலீஸ் பேனரில் இதுதான். இன்சூரன்ஸ்காரர் தரும் காலண்டரிலும் இதுதான். பணத்தைப் பறிகொடுத்து நிற்பவனிடம் ஊரில் பெருசுகள், "ஏம்ப்பா, நீ கொஞ்சம் பாத்திருக்கக் கூடாதா?" என்று கேட்பார்களே, அதைத்தான் கோட்டு சூட்டு போட்டுச் சொல்கிறார்கள்.

விக்ரோலியில் சப்ளையர் பில்லுக்குப் பணம் அனுப்புகிற டிபார்ட்மெண்டில் குப்பை கொட்டுகிறவன் நான். பூட்டுக்கும் பீரோவுக்கும் பேர்போன கோத்ரெஜ்காரர்கள் ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு, பூட்டைத் தொடாமலே நடக்கிற திருட்டைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இதில் ஓ.டி.பி. கேட்க மாட்டான், பாஸ்வேர்டு கேட்க மாட்டான். ஒரு மெயில் வரும். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி கீழ்க்கண்ட கணக்கில் செலுத்தவும்." லோகோ அதே, கையெழுத்து அதே. பாதிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் வந்து விழும். நாமே, நம் கையாலேயே, கும்பிட்டு அனுப்பி வைப்போம்.

நினைவிருக்கிறதா, 2015-ல் ஓ.என்.ஜி.சி. கதை? சவுதி அராம்கோவுக்கு நாப்தா விற்றார்கள். சரக்கு போய்ச் சேர்ந்தது. பணம் மட்டும் பாங்காக்கில் யாரோ ஒருவர் கணக்குக்குப் போனது. மொத்தம் 197 கோடி ரூபாய் என்று செய்தி வந்தது, மும்பை சைபர் போலீஸில் வழக்குப் பதிவானது. நடந்தது இவ்வளவுதான்: மெயில் முகவரியில் 'என்'னும் 'ஜி'யும் இடம் மாறியிருந்தன. உலகத்தின் மிகப் பெரிய எண்ணெய் கம்பெனி பணம் அனுப்புகிற இடத்திலேயே அந்த ஒரு எழுத்து கண்ணில் படவில்லை.

அடுத்தது 2018 நவம்பர். டெக்னிமாண்ட் என்கிற இத்தாலியக் கம்பெனியின் மும்பைக் கிளை. தலைமை அதிகாரி பெயரில் மெயில், ரகசியமாக ஒரு கம்பெனி வாங்கப்போகிறோம் என்று கதை, அதற்கு வக்கீல் வேஷத்தில் ஆள், கான்ஃபரன்ஸ் கால் வேறு. 186 லட்சம் டாலர், அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட 130 கோடி ரூபாய், தவணை தவணையாக ஹாங்காங் போய்ச் சேர்ந்தது.

இவர்களிடம் ஆடிட்டர் இல்லையா, சட்ட இலாகா இல்லையா, உஷார் இல்லையா? எல்லாம் இருந்தது. அப்புறம், தாராவியில் தோல் பை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற நம் திருநெல்வேலி அண்ணாச்சியைப் பார்த்து "உஷாரா இருங்க" என்றால் என்ன அர்த்தம்? அவர் ஆர்டர் பார்ப்பாரா, தோல் விலை பார்ப்பாரா, ஒவ்வொரு மெயிலிலும் எழுத்துக்கூட்டிக்கொண்டு இருப்பாரா?

ஏமாறுவது நடக்கும். நடந்த பிறகு நஷ்டம் யாருடையது? இதை முன்கூட்டியே எழுதி வைக்க யாருக்கும் மனசு வருவதில்லை. என் சண்டை அதோடுதான்.

அண்ணாச்சியின் மெயிலுக்குள் ஒருவன் புகுந்து, வாங்குகிறவருக்குப் புதுக் கணக்கு எண் அனுப்பிவிட்டான் என்று வையுங்கள். வாங்கியவர் "நான் கட்டிவிட்டேன்" என்பார். அண்ணாச்சி "எனக்கு வரவில்லை" என்பார். இரண்டும் உண்மை. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 50-ஆம் பிரிவில், வாக்குப் பெற்றவர் சொன்ன விதத்தில் அதை நிறைவேற்றலாம் என்கிறது. திருடன் சொன்ன கணக்கு, அண்ணாச்சி சொன்ன கணக்கு ஆகாது, ஆகவே கடன் தீரவில்லை என்று அவர் வாதாடலாம். "உன் மெயிலிலிருந்துதானே வந்தது, உன் கதவைத் திறந்து போட்டது நீதானே" என்று அவர் திருப்பிக் கேட்கலாம். அதற்கும் கோர்ட்டில் காது உண்டு. வழக்கு வெளிநாட்டில் என்றால் வக்கீல் பீஸ் பில்லைத் தாண்டிவிடும். பத்து வருஷ வியாபார சிநேகம் பத்து நாளில் போய்விடும்.

இதற்கு மருந்து ஒப்பந்தத்தில் அரைப் பக்கம். வங்கிக் கணக்கு எண்ணை மெயிலில் விடாமல் ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுதுங்கள். மாற்றுவதானால் மெயில் செல்லாது, இரண்டு பேர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும், அதுவும் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே எழுதியிருக்கிற போன் நம்பரில் கூப்பிட்டு உறுதி செய்தால்தான் என்று போடுங்கள். இதெல்லாம் செய்யாமல் வேறு கணக்கில் கட்டினால் கடன் தீராது. எல்லாம் செய்த பிறகும் பணம் தவறிப்போனால், யார் பக்கத்து மெயில் உடைந்ததோ அவர் நஷ்டம். எவர் பக்கம் என்று தெரியாவிட்டால் பாதிப் பாதி. இதை எழுத லண்டனில் படித்த வக்கீல் தேவையில்லை. ஆனால் நான் பார்க்கிற ஒப்பந்தங்களில் பூகம்பம் வந்தால் என்ன, கலவரம் வந்தால் என்ன என்று மூன்று பக்கம் இருக்கும், இது இருக்காது. பூகம்பம் எத்தனை தடவை வந்தது சார்?

போன் நம்பர் விஷயம் சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் அபாச்சே என்ற எண்ணெய் கம்பெனிக்கு 2013-ல் இதே மாதிரி மெயில், லெட்டர்ஹெட்டோடு. அந்த ஊழியர் உஷாரானவர்தான், கூப்பிட்டுக் கேட்டார். எந்த நம்பரில்? அந்த லெட்டர்ஹெட்டில் இருந்த நம்பரில்! திருடனே எடுத்து "ஆமாம், மாற்றியிருக்கிறோம்" என்றான். சுமார் 70 லட்சம் டாலர் போனது.

கூத்து அதற்கப்புறம்தான். அபாச்சே கையில் கம்ப்யூட்டர் மோசடி பாலிசி இருந்தது. இன்சூரன்ஸ்காரர் தர மாட்டேன் என்றார். 2016-ல் மேல்முறையீட்டு கோர்ட்டும் அதையே சொன்னது: மெயில் என்பது கதையில் ஒரு பகுதி மட்டுமே, பணம் போனது நீங்கள் அனுப்பியதால். 2018-ல் மெடிடேட்டா, அமெரிக்கன் டூலிங் என்ற இரண்டு கம்பெனிகளின் வழக்குகளில் வேறு கோர்ட்டுகள் பணம் கொடுக்கச் சொல்லின. ஒரே வகைத் திருட்டு, பாலிசியும் கிட்டத்தட்ட ஒன்றுதான், தீர்ப்பு வேறு. காரணம், திருடன் எடுத்தானா, நீங்கள் கொடுத்தீர்களா என்கிற ஒற்றைச் சொல்தான். "சைபர் பாலிசி எடுத்தாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஒரு சாயந்திரம் அதைத் திறந்து பாருங்கள். ஏமாந்து நீங்களே அனுப்பிய பணம் பெரும்பாலும் தனிச் சேர்க்கையாக இருக்கும். பாலிசி தொகை கோடியில் இருக்க, இதற்கான உச்சவரம்பு மட்டும் சில லட்சத்தில் இருக்கும். கூப்பிட்டு உறுதி செய்யாவிட்டால் கிடையாது என்று நிபந்தனையும் இருக்கலாம்.

இன்னொரு ஓட்டை. அண்ணாச்சி யாருக்கும் பணம் அனுப்பவே இல்லையே! அவருக்கு வர வேண்டியதுதானே வரவில்லை. "நான் ஏமாந்து அனுப்பினேன்" வகைப் பாதுகாப்பு அவருக்கு உதவாது. விற்பவரின் இன்வாய்ஸைத் திருத்தி நடக்கும் மோசடிக்கு என்று தனியாகச் சேர்க்க வேண்டும். விற்கிற ஏஜெண்ட்டிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள்.

வங்கிகளை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நாம் பாரத்தில் பெயர், எண் என்று பக்தியோடு நிரப்பினோமே, பெயரை யார் பார்த்தார்கள்? 2010 அக்டோபர் 14 தேதியிட்ட ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையின்படி, பெறுகிற வங்கி கணக்கு எண்ணை மட்டும் வைத்து வரவு வைக்கலாம். முருகன் என்று எழுதி எவனோ ஒருவனின் எண்ணைப் போட்டாலும் பணம் போய்ச் சேரும். அனுப்புவதற்கு முன் பெயரைக் காட்டும் வசதியை என்.இ.எஃப்.டி.யிலும் ஆர்.டி.ஜி.எஸ்.ஸிலும் 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவரச் சொன்னார்கள். பதினாலரை வருஷம்! அத்தனை நாளும் விழிப்புடன் இருக்க வேண்டியது நாம்.

2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதி நல்ல விதிதான். நமக்குத் தெரியாமல் யாரோ கணக்கிலிருந்து எடுத்து, மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்குப் பொறுப்பில்லை என்றது. ஆனால் நாமே ஏமாந்து அனுப்பியதை அதற்குள் அடக்க முடியாது. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து அனுப்பிய பணத்துக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்றார்கள், சின்னஞ்சிறு கம்பெனிகளுக்கும் சேர்த்து. அனுப்பிய வங்கி பாதி, பெற்ற வங்கி பாதி. வெளிநாட்டுக்குப் போனதற்குக் கிடையாது, அது குறைதான். இருந்தாலும், திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கியின் பையிலிருந்தே பாதி போனால், அடுத்த தடவை கணக்குத் திறக்கும்போது அது கண்ணைத் திறந்து பார்க்குமா இல்லையா?

வங்கிக்கே நடந்தால் என்ன ஆகும் தெரியுமா? 2018 பிப்ரவரியில் நம் கும்பகோணத்து சிட்டி யூனியன் பேங்கிலிருந்து போலி ஸ்விஃப்ட் உத்தரவுகள் மூன்று போயின. கணக்குச் சரிபார்க்கும்போது கண்டுபிடித்தார்கள், துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. உடனே பேச அவர்களுக்கு நியூயார்க்கில் ஆள் இருந்தது. நமக்கு இருப்பது 1930. மறக்காமல் அந்த நம்பரில் உடனே கூப்பிடுங்கள், பணம் கைமாறுவதற்குள் முடக்கினால் உண்டு.

வியாபாரம் இல்லாத குடும்பங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். செம்பூரில் இருந்துகொண்டு தாம்பரம் பக்கம் பிளாட் வாங்குகிறோம். தவணைக்குக் கணக்கு எண் வாட்ஸ்அப்பில் வருகிறது. அந்த எண் விற்பனை ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும், மாற்றினால் எழுத்தில் திருத்த ஒப்பந்தம் போடச் சொல்லுங்கள்.

"பெரிய கம்பெனி நம்ம நிபந்தனைக்கு ஒத்துக்குமா?" என்று கேட்பீர்கள். அவர்கள் பாரத்தைப் பாருங்கள். கேன்சல் செய்த செக், கூப்பிட்டு உறுதி செய்வது என்று பாதியை அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். கடைசி வரியில் "விவரங்கள் தவறானால் முழுப் பொறுப்பும் சப்ளையருடையது" என்றும் இருக்கும். கையெழுத்துப் போடும் முன், அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி கேளுங்கள்: உறுதி செய்யாமல் கணக்கை மாற்றி அனுப்பினால் பொறுப்பு அனுப்பியவருடையது.