ஆன்ட்டி டி.பி.ஓ: பயம் வேணாம் பாஸ்!

முடி கொட்டுது, ஃபர்ஸ்ட் ஹவர்லயே கண்ணு சொக்குது, மெஸ் சாப்பாட்டுக்கே வெயிட் ஏறுது! சரின்னு ப்ளட் டெஸ்ட் எடுத்தா, ரிப்போர்ட்ல 'ஆன்ட்டி டி.பி.ஓ - 600'னு கொட்டை எழுத்து. பக்கத்துலயே '35-க்குள் நார்மல்'. அவ்ளோதான், ஹாஸ்டல் ரூமே சோகமயம்!

வெயிட் ஃப்ரெண்ட்ஸ். அந்த நம்பர் என்ன சொல்லுதுன்னு முதல்ல பார்ப்போம்.

தைராய்டு ஹார்மோன் தயாரிக்கற வேலையில இருக்கற ஒரு என்ஸைம்தான் டி.பி.ஓ. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே இதை எதிரியா நினைச்சா வர்றதுதான் இந்த ஆன்ட்டிபாடி. வேலியே பயிரை மேயற கதை! இதனால வர்ற வியாதியை 1912-ல் முதன்முதலா எழுதினவர் ஜப்பான் டாக்டர் ஹஷிமோட்டோ. வியாதிக்கும் அவர் பேரே நிலைச்சுடுச்சு.

ஆனா, ஆன்ட்டிபாடி இருக்குன்னா தைராய்டு படுத்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. அதைச் சொல்றது டி.எஸ்.ஹெச். மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரியை ஹெச்.ஓ.டி.ன்னு வெச்சுக்குங்க. தைராய்டு ஒழுங்கா வேலை செய்யலைன்னா அவர் சத்தம் கூடும். அந்தச் சத்தம்தான் டி.எஸ்.ஹெச்!

இங்கிலாந்தின் விக்ஹாம் பகுதி மக்களை 20 வருஷம் கவனிச்சு, 1995-ல் ரிசல்ட் வெளியிட்டாங்க. ஆன்ட்டிபாடி மட்டும் இருந்த பெண்கள்ல வருஷத்துக்கு 100-ல் சுமார் 2 பேருக்குத்தான் தைராய்டு குறைபாடு வந்துச்சு. டி.எஸ்.ஹெச்.சும் கூடியிருந்தவங்கள்ல சுமார் 4 பேர். ஸோ, டி.எஸ்.ஹெச். நார்மலா இருந்தா மாத்திரை பொதுவா தேவைப்படாது. டாக்டர் சொல்ற இடைவெளியில டி.எஸ்.ஹெச். மட்டும் மறுபடி பார்த்தா போதும். 600-ஐ 300 ஆக்கணும்னு மாசாமாசம் லேபுக்கு ஓடறது பர்ஸுக்குத்தான் கேடு. சோர்வுக்கும் முடி கொட்டறதுக்கும் இரும்புச்சத்துக் குறைவு காரணமா இருக்கலாம். ஹீமோகுளோபினையும் செக் பண்ணுங்க.

இன்னொரு மேட்டர். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடறீங்களா? சில லேப் மெஷின்கள்ல அது டி.எஸ்.ஹெச்.சைக் குறைச்சும் ஹார்மோனைக் கூட்டியும் காட்டி, இல்லாத வியாதியை இருக்கற மாதிரி காட்டிடும். டெஸ்ட்டுக்கு 2 நாள் முன்னாடியாவது நிறுத்துங்க. டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க.

டி.எஸ்.ஹெச். நிஜமாவே கூடி, டாக்டர் தைராக்ஸின் எழுதித் தந்தா? காலையில வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. காபி, டிபன் எல்லாம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சுதான். உடம்பு தேறிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க.

'நாளைக்கு கல்யாணப் பேச்சுல பிரச்னையாகும்'னு ரிப்போர்ட்டை ஒளிக்கச் சொல்ற வீடுகளும் இருக்கு. தினம் ஒரு சின்ன மாத்திரையில கட்டுக்குள்ள நிக்கற விஷயம் இது. கர்ப்ப காலத்துல டி.எஸ்.ஹெச்.சைக் கட்டாயம் கவனிக்கணும். அதனால மறைச்சாதான் ஆபத்து. அம்மாகிட்ட இதைச் சொல்ல தயக்கமா இருந்தா, இந்தப் பக்கத்தைக் கிழிச்சு அவங்க கையில கொடுத்துடுங்க!