நாயோட ஸ்பீடுல நடங்க

ஆலத்தூர் நாட்டுப் பக்கம் டிரெக்கிங், கூடவே டாமியும் வருதா? அப்போ பிளானை அதோட ஸ்டாமினாவுக்குப் போடுங்க, உங்களோடதுக்கு இல்ல.

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் கொஞ்சம் வேர்வை. மற்ற சூடெல்லாம் மூச்சிரைச்சுத்தான் தணியணும். கொல்லிமலை குளுகுளுன்னு இருந்தாலும் மதிய வெயில்ல தார் ரோடும் பாறையும் கொதிக்கும். புறங்கையை ஏழு செகண்ட் வச்சுப் பாருங்க. உங்களால முடியலன்னா அதாலயும் முடியாது. ஆனா அது நிக்காது. நீங்க நடக்கிற வரைக்கும் பின்னாலேயே வரும், சுருண்டு விழற வரைக்கும்கூட. எனக்குப் பயமே இந்த விசுவாசம்தான்.

பக், ஹஸ்கி வச்சிருக்கிறவங்க கோவிச்சுக்காதீங்க, அதை வீட்டிலேயே விட்டுடுங்க. ரீல்ஸ் ஆசை அதுக்கு இல்லை, நமக்குத்தான்.

மற்ற நாய்னா எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துத் தடுப்பூசி போட்டுட்டுக் கிளம்புங்க, தேங்கின தண்ணி குடிக்க விடாதீங்க. ராத்திரி தங்குற இடத்துல காதுலயும் விரலிடுக்குலயும் உண்ணி தேடுங்க.

மூச்சு ஓவரா இரைச்சு, எச்சில் கெட்டியா வடிஞ்சு, கால் தள்ளாடினா ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்துங்க, உடனே டாக்டர்கிட்ட கொண்டு போங்க. காரவள்ளிக்கு இறங்கவே 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு.