கையெழுத்துப் போட மட்டும்தானா கணவன்?

சென்னையில் எந்தப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலிலும் அவனைப் பார்க்கலாம். கையில் பிளாஸ்க். தோளில் துணிப்பை. கண்ணில் தூக்கம் இல்லை. உள்ளே மனைவி இடுப்பு வலியில் துடிக்கிறாள். வெளியே இவன் டீக்கடைக்கும் வராந்தாவுக்குமாக நடக்கிறான்.

நள்ளிரவில் கதவு திறக்கிறது. "ஆபரேஷன் பண்ணணும். இங்க கையெழுத்துப் போடுங்க!"

ஏன் என்று கேட்க இவனுக்குத் தெரியாது. கேட்கவும் பயம். கை நடுங்கப் போடுகிறான். பத்து மாதத்தில் இவனுக்குக் கிடைத்த ஒரே வேலை அந்தக் கையெழுத்துதான்!

இது அபூர்வக் காட்சி அல்ல. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்குச் சுமார் 45 சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36. தனியாரில் 64! இந்தியா முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 22-ஐத் தாண்டவில்லை. இதே தமிழ்நாட்டில் 2015-16-ல் 34 ஆக இருந்தது. அதற்குள் பெண்களின் உடம்பு மாறிவிட்டதா, என்ன?

தாயின் வயது, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முந்தைய பிரசவத்தில் ஆபரேஷன் எல்லாம் காரணம்தான். அவை மட்டுமே காரணம் என்றால் அரசுக்கும் தனியாருக்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன்? இது போதாதென்று ஜோசியர் வேறு நட்சத்திரம் குறித்துக் கொடுக்கிறார். வலி வருமுன், 39 வாரம் நிறையுமுன் வயிற்றைக் கிழித்து எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் அபாயம் அதிகம். மூச்சு முட்டும் குழந்தைக்கு எந்த நட்சத்திரம் நல்ல நட்சத்திரம்?

கத்தி மீது கோபம் இல்லை

அதற்காக ஆபரேஷனே கூடாது என்பதும் முட்டாள்தனம். குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சு வழியை அடைத்தாலோ, குழந்தையின் இதயத் துடிப்பு தளர்ந்தாலோ கத்திதான் தெய்வம். பாட்டி காலத்தில் அந்தத் தாய்மார்கள் செத்தே போனார்கள்.

2018 ஜூலையில் திருப்பூரில் ஒரு தம்பதி, இயற்கைப் பிரசவம் என்று யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவத்துக்கு முயன்றார்கள். ரத்தப்போக்கில் தாய் இறந்தார். அங்கே கணவன் பக்கத்திலேயே இருந்தார். இருந்து என்ன பயன்? பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது, விஷயமும் தெரிய வேண்டும்.

ஒரு திரைச்சீலை என்ன விலை?

பிரசவ வலியின்போது கூடவே ஒரு துணை இருந்த பெண்களைப் பற்றி, 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி 2017-ல் வெளியிட்டார்கள். துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், சிசேரியன் குறைவு, வலி நேரமும் குறைவு. துணை செய்வது பெரிய வித்தை அல்ல. கையைப் பிடிப்பது, இடுப்பை நீவுவது, நடக்க வைப்பது, "பயப்படாதே, நான் இருக்கேன்" என்பது. செலவு? காலணா இல்லை!

துணையை அனுமதிக்கலாம் என்று மத்திய அரசே 2016-ல் சொல்லிவிட்டது. பிள்ளை பெற்ற அனுபவமுள்ள உறவுக்காரப் பெண் இருக்கலாம். மறைவு வசதி உள்ள இடத்தில் கணவனும் இருக்கலாம். ஆனால் கட்டிலோடு கட்டில் ஒட்டிக் கிடக்கும் வார்டில் கணவன் எப்படி நுழைவான்? இடையில் ஒரு திரை போட எத்தனை கோடி வேண்டும்? தனி அறைக்குத் தனி பில் போடும் தனியார் ஆஸ்பத்திரிக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

கையெழுத்து விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். வயது வந்த, சுயநினைவுள்ள பெண்ணின் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதமே சம்மதம். அவள் மயக்கத்தில் இருந்தபோது தாய் கொடுத்த சம்மதம் செல்லாது என்று 2008-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே கணவனின் கடமை பேனாவில் இல்லை, வாயில் இருக்கிறது. "ஏன் ஆபரேஷன்? இப்போதே அவசரமா? காத்திருந்தால் என்ன ஆகும்?" மாதாந்திரப் பரிசோதனைக்கே கூடப் போய் இந்த மூன்றையும் கேட்டு வைத்தால், நள்ளிரவில் கை நடுங்காது.

வீட்டுக்கு வந்த பிறகு

"வலிக்காம பெத்துட்டா" என்று வீட்டில் ஒரு குரல் எழும். அடிவயிற்றுத் தையலோடு அவள் தண்ணிக் குடம் தூக்குவாள். ஆறு வாரமாவது பாரம் தூக்கக் கூடாது என்று அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் யார்? கணவன்தான்!

மத்திய அரசில் வேலை பார்க்கும் கணவனுக்கு, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 15 நாள் லீவு உண்டு. தனியார் கம்பெனி குமாஸ்தாவுக்குச் சட்டம் எதுவும் இல்லை. கடைக்காரர் ஷட்டரை இறக்கினால் அன்றைய வியாபாரம் போச்சு. இதற்கு அரசு வழி செய்ய வேண்டும். முதலாளிகளும் மனசு வைக்க வேண்டும்.

சுகப்பிரசவமா, சிசேரியனா என்பதை டாக்டரும் தாயும் பேசி முடிவு செய்யட்டும். அந்தப் பேச்சில் கணவனுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். குழந்தை பிறந்ததும் சாக்லேட் வாங்க ஓடுகிற கால், அதற்கு முன்னால் பிரசவ அறை வரைக்கும் நடக்கட்டும்!