ஏரி வேலைக்குக் கணக்கு கேட்கலாம்

ஏரியில் எத்தனை அடி தூர் எடுத்தார்கள் என்பது தண்ணீர் நிரம்பிய பிறகு யாருக்கும் தெரியாது. முறைகேட்டுக்கு இதைவிட வசதியான வேலை கிடையாது. அதனால்தான் வெட்டும்போது பழைய மட்டத்துக்கு அங்கங்கே மண் திட்டுகளை விட்டுவைத்து, ஆழத்தை அளந்து, அளவுப் புத்தகத்தில் பதிந்த பின்னரே அவற்றை அகற்றுவது வழக்கம். திட்டு இல்லாத ஏரியில் பொறியாளர் எழுதியதே ஆழம்!

கரையும் அப்படித்தான். அரை முதல் முக்கால் அடிப் படையாக மண் பரப்பி, நீர் தெளித்து, இறுக்க வேண்டும். லாரியில் கொட்டிச் சமன் செய்த கரை மழையில் கசியும். ஒப்பந்தக்காரருக்கு மிச்சம் கொஞ்சம் டீசல்; ஆயக்கட்டுதாரருக்கு நட்டம் ஒரு போகம்.

உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி (கி.பி. 921) கணக்குக் காட்டாத வாரியத்தாரும் அவர் உறவினரும் மீண்டும் ஏரி வாரியத்துக்கு வர முடியாது. 2017-இல் மீண்டும் தொடங்கிய குடிமராமத்து, பாசன சங்கங்களின் பெயரிலேயே நடந்தது. சங்கத் தலைவரின் மைத்துனரே வேலை எடுத்தால் யார் கணக்கு கேட்பது?

உறுப்பினர்தான் கேட்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நகல் வாங்க மட்டுமன்று. வேலையை நேரில் பார்வையிடவும், சிமெண்ட், மணல் முதலியவற்றின் சான்றிட்ட மாதிரி பெறவும் இடம் தருகிறது. பதிலுக்கு 30 நாள் வரை ஆகலாம். ஆகவே வேலை தொடங்கும் வாரமே மனு போட்டுவிடுவது நல்லது.