நிச்சயத்திற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை

தலத்தெருவில் சம்பந்தம் பேசும்போது மார்க்கப் பற்று, குணம், குடும்பம் என அனைத்தையும் விசாரிக்கிறோம். உடல்நலத்தை மட்டும் கேட்கத் தயங்குகிறோம். உறவுக்குள் மணமுடிப்பது ஆகுமானதே. எனினும், ஒரே பரம்பரைக் குறைபாடு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அங்கே அதிகம்.

தலசீமியாவின் கூறைச் சுமப்பவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். தமக்கு அது இருப்பதையே அறியமாட்டார். கணவன், மனைவி இருவரும் சுமந்தால், ஒவ்வொரு பேறுகாலத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. நோய் கடுமையானால், சில வாரங்களுக்கொருமுறை இரத்தம் ஏற்றியே அக்குழந்தை வாழ வேண்டும்.

"பரிசோதனை தவக்குலுக்கு முரணல்லவா?" என்பர் சிலர். ஷாமில் கொள்ளைநோய் பரவியதை அறிந்து உமர் (ரலி) அவர்கள் பாதி வழியிலேயே திரும்பினார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என வினவப்பட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள். சவூதி அரேபியாவில் 2004 முதல் தலசீமியா, அரிவாள் செல் நோய்க்கான பரிசோதனை மணமக்களுக்குக் கட்டாயம். முடிவைக் கண்டபின் மணப்பதும் விலகுவதும் அவர்கள் விருப்பம்.

நாம் வலியுறுத்துவது இதுவே: பரிசோதனை நிச்சயத்திற்கு முன்பே நடக்கட்டும். பத்திரிகை அடித்தபின் சம்பந்தம் முறிந்தால், பழி பெண்ணின் தலையிலேயே விழுகிறது. மாப்பிள்ளையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். முடிவு இரு வீட்டாரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைத் தெருவில் பேசுவது புறம்.

வல்ல அல்லாஹ் நம் சந்ததிகளுக்கு ஆஃபியத்தை வழங்குவானாக. ஆமீன்.